வழிப்படுத்தல் கொள்கைப் பதிவுகளின் பாதுகாப்பான புதுப்பித்தல்

மென்பொருள்வழி வரையறுக்கப்படும் வலையமைப்பில், தரவுப் பொட்டலங்களின் பாதையைத் தீர்மானிக்கும் விதிகளைத் தானியக்கக் கருவியின் துணையுடன், போக்குவரத்து தடைபடாதவாறு மாற்றும் வலையமைப்பு மேலாண்மை முறை. ஒவ்வொரு பதிவும் வரிசை எண், பொருத்த நிபந்தனை, செயல் ஆகியவற்றைக் கொண்டது.

அன்சிபிள் (2012) போன்ற கருவிகள் நடப்பு நிலையை வேண்டிய நிலையுடன் ஒப்பிட்டு, வேறுபடும் பதிவுகளை மட்டும் மாற்றுவதால், மீண்டும் இயக்கினாலும் விளைவு மாறாது. முன்னோட்டமும் பழைய நிலைக்கு மீட்டலும் துணைக் காப்புகளாகும்.

நிலைமாற்றிகளின் விதிகளை வெளியிலிருந்து மாற்ற உதவும் ஓப்பன்ஃபுளோ நெறிமுறை 2008இல் முன்வைக்கப்பட்டது. 2012இல் கார்னெல், பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் விளக்கிய இருகட்டப் புதுப்பித்தலில், பதிப்பு எண்ணிட்ட புதிய விதிகள் முதலில் உட்புற நிலைமாற்றிகளில் நிறுவப்பட்டு, பின்னரே விளிம்பு நிலைமாற்றிகள் பொட்டலங்களுக்கு அவ்வெண்ணை இடுவதால், எந்தப் பொட்டலமும் பழைய விதிகளும் புதிய விதிகளும் கலந்த பாதையில் செல்வதில்லை.

பராமரிப்புக் கட்டளை ஒன்றைத் தணிக்கைக் கருவி தடுக்கத் தவறியதால், 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக் சேவைகள் பல மணிநேரம் முடங்கியமை மாற்றங்களை முன்கூட்டியே சரிபார்ப்பதன் இன்றியமையாமையைக் காட்டுகிறது.