காப்பீட்டு ஆணையர் (அமெரிக்க மாநிலங்கள்)

அமெரிக்க மாநிலம் ஒவ்வொன்றிலும் காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் தலைமை அதிகாரி. இந்தியாவில் இருப்பதுபோல நாடு முழுவதற்குமான ஒரே ஒழுங்குமுறை ஆணையம் அங்கே இல்லை. மாநிலத்துக்கு ஒரு துறை, துறைக்கு ஒரு தலைவர். பெரும்பாலும் ஆணையர் என்றும், நெப்ராஸ்கா, இல்லினாய் மாநிலங்களில் இயக்குநர் என்றும், நியூயார்க்கில் கண்காணிப்பாளர் என்றும் இப்பதவி அழைக்கப்படுகிறது. நிறுவனங்களுக்கும் முகவர்களுக்கும் உரிமம் தருதல், பிரீமிய விகிதங்களைப் பரிசீலித்தல், கணக்குகளைச் சோதித்தல், நொடித்துப்போன நிறுவனத்தைப் பொறுப்பேற்றல், பாலிசிதாரர் புகார்களைக் கேட்டல் ஆகியவை முக்கியப் பணிகள்.

தோற்றம்: 1851இல் நியூ ஹாம்ப்ஷயர் அமைத்த ஆணையர் வாரியமே முதலாவது எனப் பொதுவாகக் கொள்வர். மாசசூசெட்ஸ் வாரியம் 1852இல் தொடங்கி, 1855இல் திருத்தியமைக்கப்பட்டது. 1859இல் சட்டம் இயற்றி நியூயார்க் உருவாக்கிய தனித்துறையிலிருந்தே வரலாற்றைத் தொடங்குவோரும் உண்டு. வாரியம், துறை என்ற இரண்டில் எதைக் கணக்கில் கொள்வது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

எலிசர் ரைட்: இப்பதவிக்கு உருவம் கொடுத்தவர் மாசசூசெட்ஸ் ஆணையர் எலிசர் ரைட் (1804–1885). யேல் கல்லூரியில் படித்தவர். ஒஹாயோவில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1833 முதல் அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றியவர். லா ஃபோந்தேனின் நீதிக்கதைகளை ஆங்கிலச் செய்யுளாக்கி 1841இல் வெளியிட்டு, வீடு வீடாக ஏறி விற்றார். அந்த நூலை விற்கவே 1844இல் லண்டன் போனார். அங்கே ராயல் எக்ஸ்சேஞ்சில் பிரீமியம் கட்ட இயலாத முதியவர்களின் ஆயுள் பாலிசிகள் ஏலம் போவதைக் கண்டார். ஏலத்தில் எடுத்தவர் பிரீமியத்தைத் தொடர்ந்து கட்டுவார். முதியவர் எவ்வளவு சீக்கிரம் இறக்கிறாரோ அவ்வளவு லாபம். தன் நாட்டு அடிமைச் சந்தையோடு ரைட் இதை ஒப்பிட்டதாக அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இக்காட்சிதான் அவரைக் காப்பீட்டின் பக்கம் திருப்பியது என்பது மரபான விளக்கம். பதினெட்டுப் பிள்ளைகள் பிறந்த வீட்டுக்குக் கணக்கு வேலையில் வந்த வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பது நியாயம்.

பாலிசி ஒன்றைக் காப்பாற்ற நிறுவனம் எந்த ஆண்டில் எவ்வளவு பணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதைக் காட்டும் அட்டவணைகளை அவர் 1853இல் வெளியிட்டார். 1858இல் ஆணையரானார். அதே ஆண்டின் சட்டம் இக்கணக்கைக் கட்டாயமாக்கியது. மாநிலத்தில் வணிகம் செய்யும் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், தம் பாலிசிகளின் நிகர மதிப்புக்கு ஈடான ஒதுக்குநிதியைக் காட்டியாக வேண்டும். இறப்பு அட்டவணையும் நான்கு விழுக்காடு வட்டியுமே அளவுகோல். ஆடம்பரக் கட்டடமும் பெரிய மனிதர்களின் பெயர்ப்பட்டியலும் நிறுவனத்தின் பலத்துக்குச் சான்றாக நின்ற காலம் அது. ஆண்டறிக்கைகளில் ரைட் காட்டிய காரசாரம் அரசு ஆவணங்களில் அரிதாகவே தென்படும்.

1861இன் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பிரீமியம் நின்றவுடன் பாலிசி காலாவதியாகி, கட்டிய பணம் முழுவதும் நிறுவனத்துக்கே போய்க்கொண்டிருந்தது. இனி நிகர மதிப்பில் ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டு, அது தாங்கும் காலம்வரை காப்பீட்டை நீட்டிக்க வேண்டும் என்றாயிற்று. சரண்டர் செய்தால் ரொக்கம் தரும் கடமை அம்மாநிலத்தில் 1880இல்தான் வந்தது.

ரைட் பதவியிழந்த ஆண்டை 1866 என்றும் 1867 என்றும் நூல்கள் குறிக்கின்றன. நிறுவனங்களின் நெருக்குதலே காரணம் என்று பலர் எழுதியிருக்கின்றனர். அவருடைய விட்டுக்கொடுக்காத குணமும் உதவியிருக்கலாம். பின்னர் நிறுவனங்களுக்கே கணிப்பாளராக (ஆக்சுவரி) வேலை பார்த்தார். கைக்கணக்கின் சுமையைக் குறைக்க ‘அரித்மீட்டர்’ என்ற உருளை வடிவக் கணக்கிடு கருவியைச் செய்து 1869இல் காப்புரிமை பெற்றார். பாஸ்டனை அடுத்த மிடில்செக்ஸ் ஃபெல்ஸ் காட்டைப் பொதுச்சொத்தாக்கும் முயற்சியிலும் முதுமையைச் செலவிட்டார்.

மாநில அதிகாரம்: நியூயார்க் நிறுவனங்களின் முகவரான சாமுவேல் பால், வர்ஜீனியா மாநில உரிமம் இன்றிப் பாலிசி விற்றதற்காக 50 டாலர் அபராதம் பெற்றார். அவர் தொடுத்த வழக்கில், காப்பீட்டு ஒப்பந்தம் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் ஆகாது, எனவே அதை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் அதிகாரமே என்று உச்ச நீதிமன்றம் 1869இல் தீர்ப்பளித்தது. 1871இல் ஆணையர்கள் நியூயார்க்கில் கூடித் தேசிய அமைப்பொன்றைத் தொடங்கினர். 1905இன் ஆம்ஸ்ட்ராங் விசாரணை நியூயார்க் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் முறைகேடுகளை வெளிக்கொணர்ந்தது. உச்ச நீதிமன்றம் 1944இல் தன் பழைய நிலையை மாற்றியது. மறு ஆண்டே மெக்காரன்–ஃபெர்குசன் சட்டத்தின்வழி காங்கிரஸ் அதிகாரத்தை மாநிலங்களிடமே விட்டது.

பதவிப் பாதை: துறைக்குள் நுழைவோர் பலர் கணக்கு ஆய்வாளராகவோ வழக்கறிஞராகவோ கணிப்பாளராகவோ தொடங்குகின்றனர். உச்சப் பதவிக்கு அப்படிப் படியேறி வருவது எப்போதாவது நடக்கும். பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர் நியமிக்கிறார். கலிபோர்னியா, வாஷிங்டன், கேன்சஸ், லூசியானா உட்படச் சுமார் பதினொன்றில் மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். கலிபோர்னியா 1988இன் 103ஆம் வாக்கெடுப்பு முன்மொழிவால் இதற்கு மாறியது. எம்முறை பாலிசிதாரருக்கு நல்லது என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. கேன்சஸ் ஆணையராக இருந்த காத்லீன் செபெலியஸ் ஆளுநராகிப் பின் மத்திய அமைச்சரானார். பென்சில்வேனியாவில் 1970களின் தொடக்கத்தில் பாலிசி வாங்குவோருக்கான கையேடுகளை வெளியிட்ட ஹெர்பர்ட் டெனன்பர்க், பின்னாளில் தொலைக்காட்சியில் நுகர்வோர் செய்தியாளரானார். பதவி முடிந்ததும் காப்பீட்டு நிறுவனங்களில் சேர்வோரும் உண்டு. இது அடிக்கடி விமரிசிக்கப்படுகிறது.

அண்மைக் காலம்: 2010இன் டாட்–ஃபிராங்க் சட்டம் மத்தியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தை ஏற்படுத்தியது; ஆனால் உரிமம் வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. கலிபோர்னியாவில் காட்டுத்தீ அபாயத்தால் நிறுவனங்கள் வீட்டுக் காப்பீட்டைக் குறைத்து வருவதால், விகித அனுமதி விதிகள் மாற்றப்பட்டு வருகின்றன.