விழுந்த கையும் ஒரு கண்ணாடிப் பெட்டியும்

எங்கள் பக்கம் பக்கவாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "ஒரு பக்கம் கை கால் விழுந்துருச்சு" என்பார்கள். புறா ரத்தம் தேய்ப்பார்கள், எண்ணெய் போட்டு நீவுவார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு "இனி அவ்வளவுதான்" என்று விட்டுவிடுவார்கள். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. திரி செருகுவதோ தீப்பெட்டி ஒட்டுவதோ, எத்தனை முடித்தோம் என்ற எண்ணிக்கைக்குத்தான் பெரும்பாலும் கூலி. கை ஓடவில்லை என்றால் கூலியும் இல்லை.

விழுந்த கையை மறுபடி பழக்கும் வைத்தியம் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். அந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் நல்ல பங்கு இருக்கிறது!

முதலில் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் பார்த்தது பக்கவாதம் அல்ல, தொழுநோய். அதில் நரம்பு கெட்டு விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிவிடும். நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களுக்கு மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையை 1948இல் ஆரம்பித்தார். ஆனால் ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. இதுவரை வேறு வேலை பார்த்த தசைக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும். அதற்குப் பயிற்சிதான் ஒரே வழி.

அதே கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் அதற்கென்றே தனி நிலையம் வந்தது.

அடுத்தவர் வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்து, கலிபோர்னியாவில் பேராசிரியர் ஆனவர். கையை இழந்தவர்கள் பலருக்கு இல்லாத அந்தக் கை வலிக்கும். 1990களில் அவர் ஒரு அட்டைப்பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையைக் கண்ணாடி முன்னால் அசைத்தால், போன கை அசைவதாகக் கண்ணுக்குத் தெரியும். சிலருக்கு வலி குறைந்தது. சரி, கை இருந்தும் அசையாதவர்களுக்கு? 1999இல் அவர் இருந்த குழு பக்கவாதம் வந்த 9 பேரிடம் இதைச் சோதித்தது. கொஞ்ச நாள் கண்ணாடி, கொஞ்ச நாள் வெறும் பிளாஸ்டிக் தகடு. கண்ணாடி வைத்தபோதுதான் முன்னேற்றம் அதிகம்.

9 பேர் போதுமா என்று கேட்கலாம். 2018இல் 62 ஆய்வுகளை, மொத்தம் 1982 நோயாளிகளை, சேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமான பயிற்சியோடு கண்ணாடியும் சேர்ந்தால் கை அசைவும் அன்றாட வேலைகளும் ஓரளவு மேம்படுகின்றன என்று தெரிந்தது. அற்புதம் ஒன்றும் இல்லை, ஆனால் உண்மையான பலன்.

இன்னொரு வழி அமெரிக்காவின் எட்வர்ட் டாப் காட்டியது. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையையே வேலை செய்ய வைப்பது. 2006இல் வெளியான ஆய்வில் 222 பேர். எல்லோரும் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். கையில் கொஞ்சமாவது அசைவு மிச்சம் இருந்தவர்கள். இரண்டே வாரப் பயிற்சியில் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆக, ஆறு மாதத்தோடு கதவு மூடிவிடும் என்பது சரியில்லை.

2022 ஜனவரியில் விருதுநகருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முகம் கோணினாலோ கை தொங்கினாலோ புறா தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மணிக்கணக்கு முக்கியம். அதற்குப் பிறகு பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி. அட்டைப்பெட்டிக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. கண்ணாடி எல்லா வீட்டிலும் இருக்கிறது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னொரு தடவை" என்று சொல்ல ஒரு ஆள்தான் வேண்டும்.