ஈயம் பூசின கிடாரமும் ஒரு பிள்ளையின் கேள்வியும்



போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், ஈயம் நஞ்சு என்று படிச்சம். அப்ப எங்கட உம்மும்மாட கிடாரத்துக்கு ஏன் ஈயம் பூசினாங்க?" பதில் சொல்லுமுன் மணி அடித்துவிட்டது. அந்தப் பதில் எல்லா வீட்டுக்கும் தேவையானது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தமிழில் ஈயம் என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ஒன்று வெள்ளீயம், மற்றது காரீயம். கிடாரத்துக்குப் பூசியது வெள்ளீயம். நஞ்சு, காரீயம். ரோமர்களும் இவற்றை வெள்ளை ஈயம், கறுப்பு ஈயம் என்றே அழைத்தார்கள். ஆனால் அவர்கள் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் காய்ச்சினார்கள். புளிப்பில் காரீயம் கரைந்து இனிப்பான உப்பாக மாறும். நாக்குக்கு ருசி, உடம்புக்குக் கேடு.

செம்பிலும் புளிப்புக் கரைக்கும். புளியாணம் பச்சையாகக் களிம்பேறினால் வாந்தி, வயிற்றுவலி வரும். அதனால்தான் கந்தூரிக்கும் வலீமாவுக்கும் சோறாக்கிய செப்புக் கிடாரத்துக்கு உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். பாத்திரத்தைத் தேய்த்து, நெருப்பில் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் வழித்துவிடுவார்கள். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகும். வெறுங்கிடாரத்தை அடுப்பில் வைக்காதே என்று மூத்தவர்கள் ஏசியதன் காரணம் இதுதான். பூச்சுத் தேய்ந்து செம்பு தெரிந்தால் மறுபடி பூசினார்கள். பாத்திரம் பாதுகாப்பாக இருந்ததற்கு, அதைப் பார்த்துப் பராமரிக்க ஒரு ஆள் இருந்ததே காரணம்.

1886இல் அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. 1898 அளவில் சென்னைக் கலைப் பள்ளியில் அல்பிரட் சட்டர்ட்டன் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். பாரமில்லை, விலையும் குறைவு, ஈயம் பூசவும் தேவையில்லை. காலப்போக்கில் எங்கள் குசினிகளுக்கும் அது வந்தது. கிடாரங்கள் பழைய இரும்புக்காரரிடம் போயின. ஈயம் பூசுபவர் தெருவுக்கு வருவதும் நின்றது.

ஆனால் கேள்வி நிற்கவில்லை. பழைய இயந்திரப் பாகங்களையும் கழிவு உலோகத்தையும் உருக்கி வார்க்கும் சட்டிகளில் காரீயம் கலந்துவிடலாம். கெமரூனில் அப்படிச் செய்த சட்டிகளிலிருந்து காரீயம் உணவில் இறங்குவதை 2014இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2025 ஓகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் கசிவதாக எச்சரித்தது. எல்லாச் சட்டியும் அப்படியல்ல. ஆனால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கழுவினாலும் போகாது. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலில் பாதிக்கப்படுவது சிறு பிள்ளைகளின் மூளை. படிப்பு ஏறவில்லை என்று நாங்கள் ஏசுகிற பிள்ளை, சட்டியின் கேட்டைச் சுமப்பதாகவும் இருக்கலாம்.

என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். புளி, தக்காளி, எலுமிச்சை சேரும் கறிக்குப் பளபளப்புப் பூச்சில்லாத மண்சட்டி அல்லது சில்வர் சட்டி. பொரிக்க, வறுக்க இரும்புத் தாச்சி. மலிவான வார்ப்புச் சட்டி எங்கே செய்தது என்று கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வாங்குவதில்லை. பூச்சுத் தேய்ந்த பித்தளையும் செம்பும் காட்சிக்கு மட்டும். நொன்ஸ்டிக் தாச்சியை வெறுமனே சூடாக்குவதில்லை. சுரண்டுப்பட்டால் மாற்றிவிடுவோம்.

முந்திய முஸ்லிம் நகரங்களின் சந்தைகளில் நிறையையும் உணவின் சுத்தத்தையும் பார்க்க முஹ்தஸிப் என்று ஒருவர் இருந்தார். இன்று எங்கள் குசினிக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. சட்டி வாங்கும்போது "இது என்ன உலோகம், எங்கே செய்தது?" என்று நாங்களே கேட்போம். ஹலாலா என்று கேட்கப் பழகிய எங்களுக்கு இந்தக் கேள்வியும் பாரமில்லை.

அந்தப் பிள்ளைக்கு நாளைக்குப் பதில் சொல்வேன், இன்ஷா அல்லாஹ். உங்கள் வீட்டில் பழைய கிடாரம் இருந்தால் அதன் கதையைக் கீழே எழுதுங்கள்.