பழைய புத்தகக் கடையில் கேப்டன் நீமோ

பழைய புத்தகக் கடையில சயின்ஸ் ஃபிக்‌ஷன் வாங்குற பழக்கம் இருக்குறவங்க பெரும்பாலும் மூணு விஷயம்தான் பார்ப்போம். அட்டை கிழிஞ்சிருக்கா, கடைசிப் பக்கங்கள் இருக்கா, என்ன விலை. நாலாவதா ஒண்ணு இருக்கு. தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாடி பொடி எழுத்துல பதிப்பு விவரம் போட்டிருப்பாங்களே, அது. அதைப் பார்க்காம வாங்கினா, ஜூல்ஸ் வெர்ன்னு நினைச்சு வேற யாரோ எழுதினதைப் படிச்சுக்கிட்டு இருப்போம். விளையாட்டுக்குச் சொல்லலை.

நீர்மூழ்கிக் கப்பல் நாட்டிலஸ் வருமே, 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்', அது பிரெஞ்சுல 1869-70ல தொடரா வந்தது. அதை இங்கிலீஷுக்குக் கொண்டு வந்தவர் லூயிஸ் மெர்சியர்னு ஒரு பாதிரியார். புத்தகத்துல தன் பேரைத் திருப்பிப் போட்டு 'மெர்சியர் லூயிஸ்' ஆக்கிட்டார். 1872 கடைசியில லண்டன்ல வெளியாச்சு. மனுஷன் மூலத்துல ஐந்தில் ஒரு பங்குக்கு மேல வெட்டித் தள்ளியிருக்கார். அறிவியல் விளக்கம், அரசியல் வாடை அடிக்கிற பேச்சு, இதெல்லாம்தான் அதிகம் காணாம போனது.

மிச்சம் விட்டதுலயும் கூத்துதான். அமெரிக்காவுல 'பேட்லேண்ட்ஸ்'னு ஒரு வகை வறண்ட நிலம் இருக்கு. நெப்ராஸ்காவுல இருக்குற அந்தப் பகுதியை இவர் 'மனசுக்குப் பிடிக்காத பிரதேசம்'ங்கிற மாதிரி எழுதி வச்சார். அடுத்தது இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு. நாட்டிலஸ் எஃகுத் தகடுல செஞ்சது. எஃகோட அடர்த்தி தண்ணியைப் போல 7.8 மடங்கு, வெர்னும் சரியாத்தான் எழுதியிருந்தார். மெர்சியர் கணக்குல அது 0.07, 0.08 ஆயிடுச்சு. தக்கையை விட லேசான எஃகு! அதுல நீர்மூழ்கி செஞ்சா எங்கே முங்குறது? :-)

வெர்ன்னா சின்னப் பசங்க கதை எழுதுறவர், அறிவியல் அரைகுறைன்னு இங்கிலீஷ் வாசகர்கள்கிட்ட ரொம்ப காலம் ஒரு அபிப்பிராயம் இருந்ததுக்கு இந்த மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். 1965ல வால்டர் ஜேம்ஸ் மில்லர் புதுசா ஒரு பதிப்பைக் கொண்டு வந்து, மெர்சியரோட வெட்டையும் சொதப்பலையும் வெளியே போட்டு உடைச்சார். அப்பவும் மெர்சியர் ஒழியலை. காப்புரிமை முடிஞ்சு போன மொழிபெயர்ப்பு இல்லையா, யாரும் காசு கொடுக்காம அச்சடிக்கலாம். மலிவுப் பதிப்புகள்ல இன்னிக்கும் அவர் உயிரோடதான் இருக்கார்.

இதாவது தமாஷ். அடுத்தது நம்ம ஊர் சமாச்சாரம்.

கேப்டன் நீமோவை முதல்ல ரஷ்யர்கள் மேல பழி தீர்க்கிற போலந்துக்காரரா வைக்கத்தான் வெர்ன் நினைச்சார். பதிப்பாளர் ஹெட்ஸெல், ரஷ்யாவுல புத்தகம் விக்கணுமேன்னு ஒத்துக்கலை. அதனால அந்த நாவல்ல நீமோவுக்கு ஊர், பேர் எதுவும் கிடையாது. நீமோன்னாலே லத்தீன்ல 'யாருமில்லை'ன்னுதான் அர்த்தம். 1875ல முடிஞ்ச 'மர்மத் தீவு' நாவல்லதான் ரகசியத்தை உடைச்சார். நீமோ ஒரு இந்தியர். பந்தேல்கண்ட் ராஜாவோட மகன் இளவரசர் டக்கார், திப்பு சுல்தானோட உறவுக்காரர். ஐரோப்பாவுல படிச்சுட்டு ஊர் திரும்பி, 1857 கிளர்ச்சியில இறங்கி, குடும்பத்தையே பறிகொடுத்து, கடலுக்கடியில போனவர்.

பிரெஞ்சு மூலத்துல டக்கார்தான் 1857 கிளர்ச்சிக்கு ஆன்மா. அதைக் கட்டி எழுப்பினவரே அவர்தான். ஆனா இதே 1875ல லண்டன்ல கிங்ஸ்டன் பேர்ல வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை எடுத்துப் பாருங்க (உண்மையில மொழிபெயர்த்தவர் கிங்ஸ்டனோட மனைவி ஆக்னஸ்). அதுல டக்கார் ரொம்ப நாளா பதவி ஆசை வச்சிருந்தவர், அது நிறைவேறும்னு நம்பி சுலபமா கலகத்துல இழுபட்டுப் போனவர். சுதந்திரப் போராளியை ஏமாந்த சோணகிரி ஆக்கிட்டாங்க. கிளர்ச்சி அடங்கி 20 வருஷம் கூட ஆகலை, இங்கிலாந்துல அதை அப்படியே போட மனசு வரலை போல.

எனக்கு உறுத்துறது இதுதான். திருவல்லிக்கேணி நடைபாதையில இந்தக் கிங்ஸ்டன் பதிப்பை வாங்கிப் படிக்கிற பையனுக்கு, ஒரு பிரெஞ்சுக்காரர் நம்ம ஆளுக்குக் கொடுத்த மரியாதை போய்ச் சேரவே சேராது. வெட்டினாங்கன்னும் தெரியாது. 2001ல சிட்னி கிராவிட்ஸ் செஞ்ச முழு மொழிபெயர்ப்பு வந்திருக்கு, கிடைச்சா விடாதீங்க.

'சரி, பழசெல்லாம் மோசம், புதுசு வாங்கிக்கிறேன்'னு கிளம்பிடாதீங்க. ரே பிராட்பரி கதை இதுக்கு நேர் எதிர்.

'ஃபாரன்ஹீட் 451' பேலன்டைன் கம்பெனி வெளியீடா 1953ல வந்தது. புத்தகங்களைக் கொளுத்துறதையே வேலையா வச்சிருக்குற ஒரு அரசாங்கத்தைப் பத்தின நாவல். 1967ல அதே கம்பெனி பள்ளிக்கூடங்களுக்காக ஒரு பதிப்பு போட்டது. அதுல 75 இடங்களுக்கு மேல கை வச்சாங்க. திட்டு வார்த்தைகள் போச்சு, கருக்கலைப்புங்கிற சொல் போச்சு, குடிகாரர் நோயாளி ஆனார். மாத்தியிருக்கோம்னு புத்தகத்துல ஒரு வரி கூடக் கிடையாது. கொஞ்ச வருஷம் ரெண்டு பதிப்பும் கூடவே ஓடுச்சு. 1973லேர்ந்து வெட்டின பதிப்பு மட்டும்தான் அச்சாச்சு. எழுதினவருக்கே விஷயம் 1979லதான் தெரிஞ்சது. சண்டை போட்டு மூலத்தைத் திரும்ப அச்சுக்குக் கொண்டு வந்தார். யோசிச்சுப் பாருங்க, நடுவுல அந்த ஆறு வருஷம் அமெரிக்காவுல புதுசா பேப்பர்பேக் வாங்கினவருக்குக் கிடைச்சது வெட்டுப்பட்ட புத்தகம். பழைய கடையில கசங்கிப்போன 1950கள் பிரதியை எடுத்தவருக்குக் கிடைச்சது முழுப் புத்தகம்.

தலைப்பே மாறுறதும் உண்டு. ஏஸ் கம்பெனி 1952லேர்ந்து ரெண்டு நாவலை முதுகோட முதுகு ஒட்டி, ஒண்ணைத் தலைகீழா வச்சு 'ஏஸ் டபுள்' போட்டுச்சு. அசிமோவோட 'ஃபவுண்டேஷன்' அதுல 1955ல 'ஆயிரம் வருஷத் திட்டம்'னு வேற பேர்ல வந்தது. புது நாவல்னு நினைச்சு வாங்கினா வீட்டுல ஏற்கெனவே இருக்கும்.

ஆக, பழசா புதுசாங்கிறது கேள்வியே இல்லை. எந்தப் பதிப்பு, யார் மொழிபெயர்த்தது, அதுதான் கேள்வி. சாஃப்ட்வேர்ல வெர்ஷன் நம்பர் பார்க்காம எதையும் இன்ஸ்டால் பண்ண மாட்டோம்ல, அதே மாதிரி. மொழிபெயர்ப்பாளர் பேரே போடாத வெர்ன் புத்தகம்னா சந்தேகப்படுங்க. 'இருபதாயிரம் லீக்'ல நீமோ தன் கப்பலோட அளவுகளைச் சொல்ற அத்தியாயத்துக்குப் போய் எஃகோட அடர்த்தியைப் பாருங்க. 'மர்மத் தீவு'ன்னா மூணாம் பாகம் 16ஆம் அத்தியாயத்துல 1857 வர்ற இடம். கடைக்காரர் முறைக்கிறதுக்குள்ள ரெண்டையும் பார்த்துடலாம்.

வீட்டுல நீமோ வச்சிருக்கீங்களா? உங்க பிரதியில அவர் போராளியா, ஏமாந்தவரா? பார்த்துட்டு வந்து சொல்லுங்க.