கற்பிக்கலாம், புள்ளி கிடையாது: ஆபிரிக்கானா கற்கைகள் கடந்துவந்த பாதை

2023 ஆகஸ்ட் மாதத்தில், புதிய கல்வியாண்டு தொடங்குவதற்குச் சில தினங்களே இருந்த வேளையில், ஐக்கிய அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலக் கல்வித் திணைக்களம் பாடசாலைகளுக்கு ஒரு தீர்மானத்தை அறிவித்தது. பல்கலைக்கழக முதலாம் வருடத் தரத்தில் அமைந்த 'ஆபிரிக்க அமெரிக்கக் கற்கைகள்' என்ற அறிமுகப் பாடநெறியைப் பாடசாலைகள் விரும்பினால் கற்பிக்கலாம். ஆனால், பாடசாலைக் கல்வியை நிறைவுசெய்ய மாணவர் பெறவேண்டிய தகுதிப்புள்ளிகளில் அது சேர்க்கப்படமாட்டாது என்பதே அத்தீர்மானம்.

அப்பாடநெறியைக் கற்பித்த பாடசாலைகளுள் ஒன்று லிட்டில் ரொக் மத்திய உயர்நிலைப் பாடசாலை. 1957 செப்டெம்பரில் கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேரை உள்ளே செல்லவிடாது ஆளுநர் ஓர்வல் ஃபோபஸ் மாநிலப் படையை நிறுத்தியதும், ஜனாதிபதி ஐசனோவர் இராணுவத்தை அனுப்பி அவர்களை வகுப்பறைக்குள் சேர்ப்பித்ததும் இதே வாசலில்தான். அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னர் மாணவர்களை எவரும் தடுக்கவில்லை. அவர்கள் கற்கும் வரலாறு மட்டும் கணக்கில் வராது என்று கூறப்பட்டது.

புள்ளி என்பது வெறும் எண் அன்று என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. எந்த அறிவு அறிவாகக் கொள்ளப்படும், எது பொழுதுபோக்காக ஒதுக்கப்படும் என்பதை ஓர் அரசு அறிவிக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. ஆபிரிக்கானா கற்கைகளின் வரலாற்றை இந்தக் கோணத்தில் நோக்கினால், அத்துறை தோன்றிய நாளிலிருந்தே இந்த அங்கீகாரத்துக்காகப் போராடிவந்திருப்பதைக் காணலாம்.

1960களின் நடுப்பகுதியில் சான் பிரான்சிஸ்கோ அரச கல்லூரியில் மாணவர்கள் தாமே நடத்திய 'பரீட்சார்த்தக் கல்லூரி'யில் கறுப்பின வரலாறும் இலக்கியமும் கற்பிக்கப்பட்டன. ஆயினும், தனியான துறையோ பட்டமோ இருக்கவில்லை. 1968இல் சமூகவியலாளர் நதன் ஹெயர் கறுப்பினக் கற்கைகளை ஒருங்கிணைக்க நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி கறுப்பின மாணவர் சங்கம் பத்துக் கோரிக்கைகளை முன்வைத்து வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கறுப்பினக் கற்கைகளுக்கு முழுமையான துறை வேண்டும், அத்துறை பட்டம் வழங்கும் அதிகாரத்தைக் கொண்டிருக்கவேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. ஏனைய சிறுபான்மை இன மாணவர்களின் கூட்டணி மேலும் ஐந்து கோரிக்கைகளுடன் இணைந்துகொண்டது.

பதில் தலைவராக நியமிக்கப்பட்ட ஹயகவா, 1968 டிசெம்பர் 2ஆம் திகதி மாணவர்களின் ஒலிபெருக்கி வாகனத்தின்மீது ஏறிக் கம்பிகளைப் பிடுங்கியெறிந்தார். அவர் ஜப்பானிய வம்சாவளியினர் என்பதும், பின்னாளில் செனட்டரானார் என்பதும் குறிப்பிடத்தக்கவை. நூற்றுக்கணக்கானோர் கைதுசெய்யப்பட்டனர். ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நீடித்த போராட்டம் 1969 மார்ச்சில் முடிவுக்கு வந்தபோது துறை கிடைத்தது. இனக் கற்கைகளுக்கான தனிப்பீடமும் உருவாயிற்று. ஆனால், அத்துறையை வடிவமைத்த ஹெயருக்கு மீள்நியமனம் வழங்கப்படவில்லை.

ஹெயர் 1968இல் வரைந்த திட்டத்தில் இன்றும் சிந்திக்கத்தக்க ஓர் அம்சம் உண்டு. வரலாறு பயிலும் மாணவர் நூலகத்துடன் நின்றுவிடாது, தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் சிறுவர்களுக்கு அந்த வரலாற்றை எடுத்துரைப்பதும் பாடநெறியின் கடமைகளில் ஒன்றாகவேண்டும் என்று அவர் எழுதினார். கற்றதைத் தனது மக்களுக்குச் சொல்லத் தெரியாதவர் அதனைச் சரியாகக் கற்றவராகமாட்டார் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது.

அதே காலப்பகுதியில், 1969 ஏப்ரலில், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் வில்லார்ட் ஸ்ட்ரெயிட் மண்டபத்தை 36 மணிநேரம் கைப்பற்றிவைத்திருந்தனர். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் அங்கே 'ஆபிரிக்கானா கற்கைகள் மற்றும் ஆய்வு மையம்' திறக்கப்பட்டது. அதன் முதற் பணிப்பாளரான ஜேம்ஸ் டேர்னர், ஆபிரிக்காவையும் அமெரிக்காக்களையும் கரீபியனையும் ஒரே வரலாற்றுப் பரப்பாகக் காட்டும் பொருட்டே 'ஆபிரிக்கானா' என்ற பெயரை முன்னிறுத்தினார். 1970 ஏப்ரல் 1ஆம் திகதி அம்மையத்தின் கட்டடம் தீக்கிரையானது. மையம் வேறிடத்தில் தொடர்ந்தது.

தீயைவிடவும் நீண்டகாலம் தொல்லை கொடுத்தது, 'இவை இலகுவில் புள்ளி பெறும் பாடங்கள்' என்ற ஏளனமாகும். இதற்கு ஆசிரியர்கள் அளித்த பதில் பாடத்திட்டத்தின் வழியாகவே அமைந்தது. மௌலானா கரெங்கா 1982இல் வெளியிட்ட அறிமுகப் பாடநூல், வரலாறு, சமயம், சமூகவியல், அரசியல், பொருளியல், படைப்புக் கலைகள், உளவியல் என ஏழு பரப்புகளாகத் துறையை வகுத்தது. முதலாம் வருட மாணவர் ஒருவர் இத்தனை துறைகளின் முறைகளையும் ஒருசேரத் தொட்டுப்பார்க்க வேண்டியிருந்தது. இதனை இலகுவான பாடம் என்பது அறியாமை.

பல தசாப்தங்கள் கழித்து அந்த அறிமுகப் பாடநெறி பாடசாலை மட்டத்துக்கு வந்தது. கொலேஜ் போர்ட் நிறுவனம் 2022இல் 60 பாடசாலைகளில் அதனைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 2023 ஜனவரியில் புளோரிடா மாநிலம், கல்விப் பெறுமதி குறைந்தது என்று கூறி அதனை நிராகரித்தது. ஆனால், அதன் மதிப்பீட்டு முறையைப் பார்த்தவர்களுக்கு அக்கூற்று வியப்பளித்திருக்கும். பல்தேர்வு வினாக்கள், மூலாவணங்களை ஆராய்ந்து எழுதும் கட்டுரை ஆகியவற்றுடன், மாணவர் தாமே தெரிவுசெய்த தலைப்பில் ஆய்வொன்றைச் செய்து, வகுப்பில் முன்வைத்து, ஆசிரியரின் கேள்விகளுக்கு வாய்மொழியாகப் பதிலளிக்கவும் வேண்டும். மொத்தப் புள்ளிகளில் பத்திலொரு பங்கு இதற்குரியது. கற்றதை மற்றவர்முன் எடுத்துரைக்கவேண்டும் என்ற ஹெயரின் எண்ணத்தின் சாயலை இதில் காணமுடிகிறது. 2024-25 கல்வியாண்டில் இப்பாடநெறி முறைப்படி ஆரம்பமானது.

இத்துறையை விரும்பாதவர்கள் புள்ளியை மறுத்தார்கள். அனுதாபிகள் சிலரோ இரக்கத்துடன் புள்ளி வழங்கலாம் என்று எண்ணினார்கள். இரண்டும் ஒரே இடத்தில்தான் முடிகின்றன: அந்த வரலாற்றைக் கடும் உழைப்புக்குரிய அறிவாக ஏற்க மறுப்பதில். கறாராகத் திருத்தப்பட்டு, குறைந்த புள்ளியுடன் திரும்பும் ஒரு கட்டுரை, எழுதியவருக்கு அவ்வேளையில் கசப்பாகவே இருக்கும். எனினும், அவரது வரலாறு ஏனைய வரலாறுகளுக்கு நிகராக எடைபோடப்பட்டிருக்கிறது என்பதற்கும் அதுவே சான்று.

லிட்டில் ரொக் கல்வி நிர்வாகம் 2023இல் மாநிலத்தின் அறிவிப்புக்குப் பின்னரும் அந்த வகுப்பைக் கைவிடவில்லை. மாநிலம் கணக்கில் எடுக்காது என்று தெரிந்தபின்னரும் மாணவர்கள் அதில் அமர்ந்தார்கள். 1957இல் அதே வாசலைக் கடந்த ஒன்பது பேரின் கதையும் அந்தப் பாடத்துக்குரிய வரலாறே.