சேமிப்புக் கணினித் தொகுதிகள்: நலச் சோதனையில் வேகமும் எச்சரிக்கையும்

நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றிணைத்து ஒரே பெரும் தரவுக் கிடங்காக இயக்கும் முறை, ஆய்வுக்கூடங்களிலும் பெரு நிறுவனங்களிலும் பரவலாகியுள்ளது. இக்கணினிகளில் மென்பொருளை நிறுவுவதையும் புதுப்பிப்பதையும் தானியங்கி நிரல்களே மேற்கொள்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் தொகுதி நலமாக உள்ளதா என்று அந்த நிரல் சோதித்தறிய வேண்டும். இச்சோதனை தேவையின்றி நீண்டால் பணி தாமதமாகும். அவசரமாக முடிந்தால், தரவுகளை நம்பியிருப்போரின் பணிகளே முடங்கக்கூடும்.

மூன்று பிரதிகள்

அமெரிக்காவின் சான்டா குரூஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேஜ் வெயில் தனது முனைவர் பட்ட ஆய்வின்போது உருவாக்கிய செஃப் என்ற திறந்தமூல மென்பொருள் இதற்கு நல்ல உதாரணம். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையம் இதனை 2013 முதல் பயன்படுத்தி வருகிறது.

செஃப் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு தரவையும் வெவ்வேறு கணினிகளில் 3 பிரதிகளாக வைக்கிறது. அவற்றில் 2 பிரதிகளாவது இயங்க வேண்டும். புதுப்பிப்பதற்காக ஒரு கணினியை நிறுத்தினால் பாதிப்பில்லை. ஆனால் அது மீள்வதற்குள் இன்னொன்றையும் நிறுத்தினால், அவ்விரண்டிலும் பிரதிகள் உள்ள தரவுகளை எழுதவோ படிக்கவோ முடியாது.

நேரம் வீணாவது எங்கே?

இந்த அச்சத்தால் சில நிரல்கள் ஒவ்வொரு கணினிக்குப் பின்னரும் குறிப்பிட்ட நேரம் காத்திருக்கின்றன. 100 கணினிகளுக்குத் தலா 5 நிமிடம் என்றால், காத்திருப்பு மட்டுமே 8 மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

வேறு சில நிரல்கள், தொகுதியின் நிலையை ஒவ்வொரு கணினியிலிருந்தும் தனித்தனியே கேட்கின்றன. இதற்குப் பதில் தருபவை ஒரு சில கண்காணிப்புக் கணினிகளே. எங்கிருந்து கேட்டாலும் பதில் ஒன்றே என்பதால், சுமைதான் கூடுகிறது.

கேள்வியே தவறாக அமைவதும் உண்டு. ஒரு கணினி 10 நிமிடங்களுக்கு மேல் செயலிழந்திருந்தால், செஃப் அதன் தரவுகளை வேறிடங்களில் மீண்டும் பிரதியெடுக்கத் தொடங்கும். பராமரிப்பின்போது இதைத் தடுக்க நிர்வாகிகள் ஒரு தடைக்குறியை இடுகிறார்கள். அக்குறி உள்ளவரை தொகுதி 'எச்சரிக்கை' நிலையிலேயே இருக்கும். 'முழு நலம்' என்ற பதிலுக்காகக் காத்திருக்கும் நிரல், காலக்கெடு முடிந்து தோல்வியில் நின்றுவிடும்.

திறமையான சோதனை

ஒரேயொரு கண்காணிப்புக் கணினியிடம் சில விநாடிகளுக்கு ஒருமுறை கேட்டு, உரிய பதில் கிடைத்தவுடன் நகர்வதே சிக்கனமான முறை. கேள்வி அந்தந்தக் கட்டத்துக்குப் பொருந்த வேண்டும். கண்காணிப்புக் கணினியைப் புதுப்பித்தால், அவற்றுள் பெரும்பான்மை மீண்டும் இணைந்துவிட்டதா, அதாவது மூன்றில் இரண்டாவது சேர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சேமிப்புக் கணினியைப் புதுப்பித்தால், எல்லாத் தரவுப் பிரிவுகளும் முழுப் பிரதிகளுடன் இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்த கணினியை நிறுத்துவது பாதுகாப்பானதா என்று முன்கூட்டியே கேட்கும் கட்டளையும் செஃப் மென்பொருளில் உண்டு.

காலக்கெடுவுக்குள் பதில் கிடைக்காவிட்டால், நிரல் அடுத்த கணினியைத் தொடாமல் நின்று நிர்வாகிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே கேள்வியை நூறு இடங்களிலிருந்து கேட்பதைக் கைவிடலாம். ஆனால் ஒரு கணினி மீண்டதை உறுதி செய்யாமல் அடுத்ததை நிறுத்துவது, மிச்சப்படும் சில நிமிடங்களுக்காக முழுச் சேவையையும் பணயம் வைப்பதாகும்.