படகில் போகிறவனுக்கும் தலைக்கவசம் வேண்டுமா?

தலைக்கவசம் என்று பேச்செடுத்தால் போதும், நம் புதுச்சேரியில் உடனே இரண்டு கட்சி உண்டாகிவிடும். சட்டம் வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது. "மார்க்கெட்டுக்குப் போய்வர எதற்கய்யா அது?" என்பார் ஒருவர். "உன் தலை, உன் இஷ்டம்" என்பார் இன்னொருவர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்கு இன்றைக்கும் அது 'காஸ்க்'தான். ஆனால் இன்று நான் எழுதப்போவது ரோட்டில் போகிறவரின் காஸ்க் பற்றி அல்ல. தண்ணீரில் வேகமாக மோட்டார் படகு ஓட்டுகிறவருக்கு அது தேவையா என்பது பற்றி. விழுந்தாலும் தண்ணீர்தானே, தலைக்கு என்ன ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது.

முதலில் சர் ஹென்றி சீக்ரேவ் என்ற ஆங்கிலேயர். 1929-ல் அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில் மணிக்கு 231 மைல் வேகத்தில் கார் ஓட்டி உலக சாதனை செய்தவர். அடுத்த வருஷம் தண்ணீரிலும் சாதனை செய்ய வேண்டும் என்று 'மிஸ் இங்கிலாந்து 2' என்ற படகோடு விண்டர்மியர் ஏரிக்குப் போனார். 1930 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. மணிக்கு 98.76 மைல் என்ற சாதனையைச் செய்துவிட்டு, இன்னும் ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று திரும்பினார். படகு கவிழ்ந்தது. தண்ணீரில் மிதந்த மரக்கட்டை ஒன்றில் மோதியிருக்கலாம் என்றார்கள். கூட இருந்த ஹாலிவெல் என்ற எஞ்சினீயர் இறந்துவிட்டார், வில்காக்ஸ் என்ற மெக்கானிக் பிழைத்தார். சீக்ரேவுக்குக் கொஞ்ச நேரம் நினைவு திரும்பியது. சாதனை கிடைத்துவிட்டது என்று சொன்னார்களாம். சில மணி நேரத்தில் அவரும் போய்விட்டார்.

சீக்ரேவின் முந்தைய படகான 'மிஸ் இங்கிலாந்து 1' கட்டப்பட்டது ஸ்காட்-பெயின் என்பவரின் படகுப் பட்டறையில். அதே ஸ்காட்-பெயினோடு சேர்ந்து பிரிட்டிஷ் விமானப்படைக்கு வேகப் படகுகள் உருவாக்குவதில் பாடுபட்டவர் யார் தெரியுமா? 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று நாம் சினிமாவில் பார்த்தோமே, அவரேதான். 1931-ல் பிளிமத் அருகே ஒரு கடல் விமானம் கண்ணெதிரே விழுந்ததைப் பார்த்தவர் அவர். காப்பாற்றப் போகிற படகு வேகமாக இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு சில வருஷம் அந்த வேலையிலேயே இருந்தார்.

வேகப் படகுகளோடு அத்தனை காலம் பழகிய லாரன்சுக்கு முடிவு வந்தது ரோட்டில். 1935 மே 13-ல் மோட்டார் சைக்கிளில் வந்தவர், சைக்கிளில் போன இரண்டு பையன்களை இடிக்காமல் விலகப்போய்த் தூக்கியெறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1941-ல் ஒரு கட்டுரை எழுதினார். யுத்தம் தொடங்கிய முதல் 21 மாதத்தில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் போய் இறந்தவர்கள் 2,279 பேர். தலைக்கவசம் போட்டு அடிபட்டவர்களாக அவர் பார்த்தது ஏழே பேர். அந்த ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். அதே வருஷ நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்தச் சட்டம் வர 1973 ஆயிற்று!

ஆக, ரோட்டில் காஸ்க் உயிர் காக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. அதையே அப்படியே எடுத்துப் படகில் மாட்டிக்கொண்டால் போதுமா? இங்கேதான் சிக்கல்.

டொனால்ட் கேம்பெல் கதையைப் பாருங்கள். 1967 ஜனவரி 4, கானிஸ்டன் ஏரி. 'புளூபேர்ட்' என்ற ஜெட் படகு. போகும்போது மணிக்கு 297 மைலுக்கு மேல். திரும்பி வரும்போது 300 மைலையும் தாண்டியது. படகின் மூக்கு தூக்கிக்கொண்டு, காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, தண்ணீரில் மோதிச் சிதறியது. பிறகு தேடியபோது தலைக்கவசமும், அவர் அதிர்ஷ்டத்துக்காக எப்போதும் வைத்திருந்த கரடி பொம்மையும் கிடைத்தன. அவர் உடல் கிடைத்தது 2001-ல், 34 வருஷம் கழித்து. அந்த வேகத்தில் காஸ்க் என்ன செய்யும்?

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு கனமானது. கிணற்றில் வயிறு பட விழுந்தவர்களுக்கு அது எப்படி அறையும் என்று தெரியும். படகு போகிற வேகம் கூடக்கூடத் தண்ணீர் தரையைப் போல ஆகிவிடுகிறது.

அடுத்த இரண்டு சம்பவங்கள் பிரெஞ்சுப் பத்திரிகை படிக்கிற நம்மவர்களுக்கு நினைவிருக்கும். திதியே பிரோனி, ஃபெராரி கார் ஓட்டிய பிரெஞ்சுக்காரர், 1978-ல் லெ மான் பந்தயத்தில் ஜெயித்தவர். 1982-ல் ஜெர்மனியில் நடந்த விபத்தில் இரண்டு காலும் நொறுங்கி, கார் பந்தயத்தை விட்டு, படகுப் பந்தயத்துக்கு வந்தார். 1987 ஆகஸ்ட் 23-ல் இங்கிலாந்தின் வைட் தீவுக்கு அருகே நடந்த பந்தயத்தில் அவருடைய 'கொலிப்ரி' படகு, ஒரு எண்ணெய்க் கப்பல் கிளப்பிய அலையில் ஏறிக் கவிழ்ந்தது. பிரோனியோடு, பத்திரிகையாளர் பெர்னார் ஷிரூ, ழான்-குளோத் கெனார் என்று மூன்று பேரும் போய்விட்டார்கள். அதே வருஷ ஜனவரியில் பாரிஸ்-டாக்கர் பந்தயத்தில் ஜெயித்த காரில் வழிகாட்டியாக இருந்தவர் ஷிரூ.

மூன்று வருஷம் கழித்து, 1990 அக்டோபர் 3. மொனாக்கோ இளவரசி கரோலினின் கணவர் ஸ்தெபானோ கசிராகி. கிரேஸ் கெல்லி கார் விபத்தில் இறந்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது, அந்தக் குடும்பத்துக்கு மறுபடியும் ஒரு அடி. உலகப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் போட்டியில் படகு கவிழ்ந்தது. கூட இருந்த இன்னோசென்ட்டி பிழைத்தார், கசிராகி பிழைக்கவில்லை. அவருக்கு வயது முப்பது. மூன்று சின்னக் குழந்தைகள்.

அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. பெரிய பந்தயப் படகுகளில் மேலே மூடிய அறை வேண்டும், உடலை இருக்கையோடு சேர்த்துக் கட்டும் பட்டைகள் வேண்டும் என்று வந்தது. முப்பது வருஷம் சுற்றறிக்கைகளோடு குப்பை கொட்டியவன் நான். ஒரு சாவு நடந்து, அது பெரிய இடத்துச் சாவாகவும் இருந்தால்தான் கோப்பு நகரும் என்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் விதி எழுதியவர்கள் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். தலையை மட்டும் காத்தால் போதாது, ஆளையே அந்தத் தண்ணீர் அறையாமல் காக்க வேண்டும்.

இதெல்லாம் பந்தயக்காரர் சமாசாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். என் தங்கை மகன் பிரான்சில் துலோன் பக்கம் இருக்கிறான். போன வருஷம் ஒரு படகு வாங்கினான். "மாமா, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறேன். காஸ்க் போட வேண்டுமா? போட்டால்தான் ஆபத்து என்று இங்கே சிலர் சொல்கிறார்கள்" என்று போனில் கேட்டான்.

அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. முகத்தை முழுக்க மூடும் ரோட்டுக் காஸ்க்கோடு வேகமாகத் தண்ணீரில் விழுந்தால், வாளியால் மொண்ட மாதிரி அதற்குள் தண்ணீர் புகும். அந்த இழுப்பில் கழுத்து முறியலாம், மூச்சும் அடைக்கலாம். தண்ணீர் ஸ்கூட்டர் விற்கும் கம்பெனிகளே தங்கள் கையேட்டில் இந்த எச்சரிக்கையைப் போடுகின்றன.

அப்படியானால் வேண்டாமா? நான் அவனுக்குச் சொன்னது இதுதான். ரோட்டில் ஒருவன் தலையில் அடிபட்டு மயங்கினால், மயக்கத்திலும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பான். நாலு பேர் ஓடிவருவார்கள். தண்ணீரில் மயங்கினால் சில நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். கவிழ்கிற படகின் விளிம்போ கம்பியோ தலையில் பட்டு, அடி சின்னதாக இருந்தாலும், நினைவு தப்பினால் போச்சு. ஆகவே வேகமாக ஓட்டுவதென்றால் காஸ்க் வேண்டும். ரோட்டுக் காஸ்க் அல்ல, தண்ணீர் விளையாட்டுக்கென்றே செய்த, லேசான, முகம் திறந்த, காதோரம் தண்ணீர் வெளியேறுகிற காஸ்க்.

அதற்கும் முன்னால் இரண்டு காரியம். எல்லோருக்கும் மிதவைச் சட்டை, சும்மா மாட்டிக்கொண்டால் போதாது, வார் இறுக்கியிருக்க வேண்டும். மயங்கியவனைத் தண்ணீருக்கு மேலே வைப்பது அதுதான். இன்னொன்று, ஓட்டுகிறவன் காலிலோ சட்டையிலோ மாட்டுகிற எஞ்சின் நிறுத்தும் கயிறு, பிரெஞ்சில் 'கூப்-சிர்க்யுய்'. ஓட்டுகிறவன் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து, விழுந்தவர்கள் மேலேயே விசிறியை ஓட்டும். விசிறிக்கு முன்னால் எந்தக் காஸ்க்கும் நிற்காது. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் இந்த ஏற்பாட்டைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே வேகத்தைக் குறை என்றேன். பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட மெதுவாகப் போனாலே போதும். "சரி மாமா" என்றான். அந்தக் கயிற்றைக் காலில் மாட்டுகிறானா என்று அடுத்த முறை பேசும்போது அவனிடம் அல்ல, அவன் பெண்டாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.